பத்து மில்லி மூலை

ஜூன் 18

அக்காவுக்கு,

முதலில் எனக்கு ஒரு சத்தியம் செய். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் விடுதி அறையில் இருப்பவர்களுக்கும் வேண்டாம். படித்தவுடன் கிழித்துவிடு. நான் எழுதுவது அம்மாவுக்குக்கூடத் தெரியாது. பதிலை நம் வீட்டு முகவரிக்கு அனுப்பாதே. கீழ்வீட்டுத் தையல்கார அக்காவின் பெயருக்கு அனுப்பு. ரவிக்கை அளவு பார்க்கக் கூப்பிடுகிற சாக்கில் என்னிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ எப்படி இருக்கிறாய்? நாள் முழுக்க லேத் மிஷின் முன்னால் நின்று வேலை செய்வதாகச் சொன்னார்கள். கால் வலிக்கிறதா? இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுத முடியவில்லை.

அப்பாவுக்குக் கண் தெரியவில்லை, அக்கா. இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சை செய்தால் சரியாகுமாம், ஆனால் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து மூன்று மாதம் ஓய்வெடுக்க வேண்டும். இரும்படிக்கும் பட்டறையில் அத்தனை நாள் விடமாட்டார்கள், வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார். வரைபட வேலையை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அவர் அளவு சொல்லச் சொல்ல நான் வரைகிறேன். கையெழுத்துப் போடும் இடத்தில் நான் விரலை வைப்பேன், விரலுக்குப் பக்கத்தில் போடுவார். அம்மா, "ஒரு உத்தியோகத்தை ரெண்டு பேர் பாக்கறீங்க, சம்பளம் ஒண்ணுதான் வருது" என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஒரு கோட்டைத் தப்பாக இழுத்தால் பார்த்துச் சொல்ல ஆளில்லை. அதைப் பார்த்து எஃகுக் கட்டியில் டை அச்சு வெட்டிவிடுவார்கள். பழுக்கக் காய்ந்த இரும்பை அந்த டையில் வைத்து அடித்தால் என் தப்பு ஆயிரம் துண்டில் இருக்கும்.

இப்போது வந்திருப்பது உங்கள் தொழிற்சாலை வேலைதான். பஸ்ஸில் பிரேக் மிதியைத் தாங்கும் இரும்புக் கை. பழைய டை தேய்ந்துவிட்டதால் புதிதாக வரைய வேண்டும். இங்கிருந்து வரும் கையில் உனக்கு என்ன கஷ்டம் என்று எழுது. நானே யோசித்தது மாதிரி அப்பாவிடம் சொல்கிறேன். உன் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவார். "நாங்க அடிச்சுச் சேக்கறதை அவங்க சீவிக் குப்பையில போடறாங்க, அந்த வேலைக்கு என் பொண்ணா" என்று போன மாதம்கூடச் சொன்னார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை


ஜூன் 30

என் வாண்டுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பூட்டுப் போட்ட பெட்டியில் இருக்கிறது, பயப்படாதே. நான் நலம். முழங்கால் கொஞ்சம் முணுமுணுக்கிறது, அவ்வளவுதான். அப்பாவின் கண்ணை எந்த மருத்துவரிடம் காட்டினீர்கள்? பணம் அனுப்பினால் வாங்கமாட்டார் என்று தெரியும். வீட்டில் படிகள் இருக்குமிடத்தில் வெளிச்சமாக வையுங்கள்.

கஷ்டம்தானே கேட்டாய், கேட்டுக்கொள். உங்கள் கையில் பக்கவாட்டு எல்லாம் ஒரே சாய்வு. அடுக்கிய வாளிகள் ஒன்றிலிருந்து ஒன்று கழன்று வருவதுபோல டையிலிருந்து கழன்று வரவேண்டும் என்று அப்பா சாய்வு கொடுக்கிறார், எனக்குத் தெரியும். ஆனால் அதை லேத்தில் வைஸ் போட்டு இறுக்கிப் பிடிப்பது ஈரச் சோப்பைப் பிடிப்பது மாதிரி. நேரான இடம் இரண்டு வேண்டும்.

இன்னொன்று அந்த உள்மூலை. அச்சாணி நுழையும் துளையைச் சுற்றித் தடித்த வளையம் இருக்கிறதே, அது கையோடு சேரும் இடம். அங்கே வளைவு பத்து மில்லிமீட்டர் ரேடியஸ். அத்தனை உருண்டையாக இருந்தால் வாஷர் எப்படி உட்காரும்? நான்தான் குடைந்து சீர் பண்ண வேண்டும். ஒரு நாளைக்கு இரும்பு சீவும் டூல் இரண்டு உடைகிறது. ஃபோர்மேன் எனக்கு 'டூல் தின்னி' என்று பெயர் வைத்துவிட்டார். அந்த மூலையை மூன்று மில்லி ஆக்கினால் உங்கள் பட்டறை வாசலில் அப்பாவுக்குச் சிலை வைப்பேன்.

இரவில் ரொம்ப நேரம் விழிக்காதே. அம்மாவை விசாரித்ததாகச் சொல்ல முடியாது, நினைத்துக்கொள்.

அக்கா


ஜூலை 15

அக்காவுக்கு,

நலம். உன் முழங்காலுக்கு என்ன தைலம் தடவுகிறாய்?

சோப்புக் கதையை என் கதையாகச் சொன்னேன்.  அப்பா வரைபலகையின் மேல் விரலால் வரைந்து காட்டினார். கையின் இரண்டு முனையிலும் தட்டையாக ஒரு திட்டு வைக்கலாம் என்றார். இரண்டும் கீழ் டையிலேயே வரவேண்டுமாம். மேல் டையும் கீழ் டையும் அடிக்கும்போது கொஞ்சம் விலகி உட்காரும். ஒரு திட்டு மேலே, ஒன்று கீழே என்றால் லேத்தில் பிடிக்கும்போது கோணும். இரண்டும் ஒரே பாதியில் இருந்தால் விலகினாலும் பிடிப்பு மாறாது. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க நன்றாக இருந்தது. "உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தோணுது?" என்று கேட்டார். நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.

மூலையைப் பற்றியும் கேட்டேன்.

வரைபடம் முடிந்து, கையெழுத்தாகி, நேற்று பட்டறைக்குப் போய்விட்டது. இனி டை வெட்டுவார்கள். உனக்கு வேலை சுலபமாக வேண்டும். அதுதான் எனக்கு வேண்டும்.

அன்புடன்,
தங்கை


செப்டம்பர் 9

என் வாண்டே,

எல்லாரும் சுகமா? நான் இங்கே மிதந்துகொண்டிருக்கிறேன்.

புதுக் கைகள் வந்துவிட்டன. திட்டு இரண்டும் வைஸில் கச்சென்று உட்காருகின்றன. அந்த மூலை மூன்று மில்லி! ஐந்து நாளாக ஒரு டூல்கூட உடையவில்லை. ஃபோர்மேன் என் மிஷின் பக்கம் வந்து தேடிவிட்டு, "டூல் தின்னி விரதம் இருக்கா போல" என்று சொல்லிப் போனார். அந்த மனிதர் வாயில் அதுதான் பாராட்டு.

உண்மையைச் சொல்கிறேன், சிரிக்காதே. அன்றைக்கு மதியம் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஒன்றரை வருஷமாக அப்பா என்னோடு பேசவில்லை. நான் கேட்டதைச் செய்திருக்கிறார். உன் வாயால் கேட்டாலும் கேட்டது நான்தானே. தெரிந்தேதான் செய்தாரோ? அவருக்கு ஒரு கடிதம் எழுதட்டுமா?

உடனே பதில் போடு.

அக்கா


செப்டம்பர் 20

அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். தேர்வு நடக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இப்போது எழுத வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும்.

அந்த மூலையில் தலைமுடி மாதிரி ஏதாவது கோடு தெரிகிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

தங்கை


அக்டோபர் 12

அக்காவுக்கு,

இருபத்திரண்டு நாளாயிற்று. உன்னிடமிருந்து பதில் இல்லை. தையல்கார அக்கா என்னைப் பார்த்தாலே கையை விரிக்கிறார். உனக்கு உடம்பு சரியில்லையா?

இதைச் சொல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை. அப்பா அந்த மூலைக்குச் சம்மதிக்கவில்லை. "திட்டு ரெண்டும் நல்ல யோசனை, மூலையை மட்டும் தொடாதே, பத்துதான்" என்றார். காரணமும் சொன்னார். "சூட்டுல ஓடுற இரும்பால வெடுக்குன்னு திரும்ப முடியாதும்மா. மூலை கூரா இருந்தா தாண்டிப் போயி, மோதித் திரும்பி வந்து தன் மேலயே படுத்துக்கும். வெளியே பாத்தா முழுசா இருக்கும், உள்ளே ரெண்டா இருக்கும்." கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். கேட்டுக்கொண்டே மூன்று என்று எழுதினேன். ஒரு எண்தானே, உனக்குத் தினமும் இரண்டு டூல் மிச்சம் என்று நினைத்தேன். அவரால் படிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

போன வாரம் அப்பா ஒரு கையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாப்பிடாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டை விரலை மூலைக்குள் நுழைத்து நுழைத்துப் பார்த்தார். பத்து மில்லி மூலையில் பொருந்தும் விரல் உள்ளே போகவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இந்த மூலைக்கு நான் எவ்வளவும்மா சொன்னேன்?"

நான், "மூணுப்பா" என்றேன்.

அவர் மறுபடியும் கட்டை விரலை மூலையில் வைத்தார். "நான்தான் சொல்லியிருப்பேன்" என்றார் கடைசியில்.

அக்கா, அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அன்றிலிருந்து எதையும் இரண்டு தடவை கேட்கிறார். மாத்திரை போட்டேனா என்று அம்மாவிடம் கேட்கிறார். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பூட்டைத் தொட்டுப் பார்க்கிறார். கண்ணோடு ஞாபகமும் போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அது நான் செய்தது.

காலையில் பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அவர் காலையே பார்க்கிறேன்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

தங்கை


அக்டோபர் 25

தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் செப்டம்பர் கடிதம் வந்த அன்றே மூலையைத் துடைத்துப் பார்த்தேன். கோடு இருந்தது. அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்தால் மறையும். மறைத்துவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்பா கொடுத்த அளவு தப்பாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மூலை எனக்காக வந்தது என்பதை விட மனமில்லை. அதனால்தான் உனக்கு எழுத முடியவில்லை. என்ன எழுதுவேன்?

உன் இந்தக் கடிதம் வந்ததும் ஒரு கையைக் குறுக்கே அறுத்து ஆசிட் தடவிப் பார்த்தேன். மடிப்பு இரண்டு மில்லி ஆழத்துக்கு உள்ளே போகிறது. அப்பா சொன்னபடியே உள்ளே இரண்டாக இருக்கிறது.

ஃபோர்மேனிடம் கொண்டுபோய் வைத்தேன், தேய்த்ததையும் சொன்னேன். உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. பொருத்தும் பிரிவுக்குப் போன நாற்பதும் திரும்பி வந்துவிட்டன. ஒன்றுகூட பஸ்ஸில் ஏறவில்லை. நன்றாகக் கேட்டுக்கொள், ஒன்றுகூட ஏறவில்லை. இனி ஓட்டுநரின் காலைப் பார்க்காதே. மீதி இருநூற்றுப் பன்னிரண்டும் ஆகாது என்று சிவப்புப் பெயின்ட் அடித்து ஓரமாகக் கிடக்கின்றன. உங்கள் பட்டறைக்குக் கடிதம் போயிருக்கிறது.

நான் இப்போது பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். உட்கார்ந்து செய்யும் வேலை. முழங்காலுக்கு நல்லது.

அப்பாவிடம் நீ சொல். உனக்குப் பதிலாக நான் சொல்லமாட்டேன். கோபத்தில் இப்படி எழுதவில்லை. என் வாயிலிருந்து கேட்டால் அவர் நம்பமாட்டார். உன் வாயிலிருந்து கேட்டால்தான் தான் சொன்னது பத்து என்று அவருக்கு நிச்சயமாகும்.

சாப்பிடு, தூங்கு.

அக்கா


நவம்பர் 3

அக்காவுக்கு,

உன்னை லேத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். முழங்கால், முழங்கால் என்று எழுதினால் எனக்குப் புரியாதா?

மூன்று தடவை சொல்லப் போனேன். முதல் தடவை அம்மா இருந்தாள். இரண்டாவது தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். மூன்றாவது தடவை யாரும் இல்லை, அவரும் விழித்துக்கொண்டுதான் இருந்தார். "என்னம்மா?" என்றார். "தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பட்டறையில் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். வரைபடத்தை யார் பார்த்தது, யார் சரிபார்த்தது என்று கேட்டிருக்கிறார்கள். "நான்தான், தப்பு என்னோடது" என்றாராம். கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. புது டைக்குப் புது வரைபடம் வேண்டும். என்னை உட்காரவைக்க மறுத்துவிட்டார். "வேண்டாம்மா. நீ நல்லாத்தான் வரையறே. நான் சொல்றது மேல எனக்கே நம்பிக்கை இல்லே" என்றார்.

பலகையைத் துணி போட்டு மூடியிருக்கிறோம். நான் படுப்பது அதே அறையில்தான்.

தங்கை


நவம்பர் 10

தங்கைக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிக்கவில்லை.

கண் போனால் அப்பா தாங்கிக்கொள்வார். முப்பது வருஷமாக எந்த டையில் எந்த அளவு என்று தாளைப் பார்க்காமல் சொல்கிற மனிதர். அந்த ஞாபகம்தான் அவருடைய மொத்தச் சொத்து. அதை நீ எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாய். திருப்பிக் கொடு.

நான் மறைத்ததையும் சேர்த்துச் சொல். பாதி என்னுடையது. அதைச் சொன்னால் உனக்குக் கொஞ்சம் சுமை குறையும்.

அக்கா


நவம்பர் 16, இரவு

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வெளிச்சம் போதவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாள் எடுக்கச் சொன்னார். மேலாளருக்குக் கடிதம். வேலையை விட்டு நிற்கிறேன் என்று எழுதச் சொன்னார். அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "அவசரமா என்னங்க, ஒரு வாரம் போகட்டுமே" என்றாள். "இன்னொரு டையைக் கெடுக்கறதுக்கா?" என்று கேட்டார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

அவர் சொன்னது இது. 'உள்மூலைக்குப் பத்து என்று சொல்ல வேண்டிய இடத்தில் மூன்று என்று சொல்லியிருக்கிறேன். என் ஞாபகத்தை இனி நம்ப முடியாது. என்னை விடுவிக்க வேண்டும்.' அதோடு முடியும் என்று நினைத்தேன். இன்னும் எழுது என்றார். மூலை பத்தாகவே இருக்கட்டுமாம். துளை வளையத்தின் முகத்தை மட்டும் நாலு மில்லி உயர்த்திவிட வேண்டுமாம். அப்போது வாஷர் மூலைக்கு மேலேயே உட்கார்ந்துவிடும். லேத்தில் அந்த உயர்ந்த முகத்தை மட்டும் சீவினால் போதும், மூலைக்குள் டூல் போகவே வேண்டாம். இரும்புக்கும் கஷ்டமில்லை, லேத்துக்கும் கஷ்டமில்லை.

ஒரு தாளும் பார்க்காமல் சொன்னார், அக்கா. எல்லா அளவும் மனத்துக்குள் இருக்கிறது. ஞாபகம் போன மனிதர் சொல்கிற பேச்சா இது?

பிறகு, "எழுது. தொழிற்சாலையில் லேத்தில் நிற்பவர்களின் கஷ்டத்தைக் கேட்ட பிறகு தோன்றிய வழி இது. முன்பே கேட்டிருக்க வேண்டும்" என்றார். நான் எழுதி முடித்ததும் கேட்டார்.

"லேத்துக் கஷ்டமெல்லாம் உனக்கு யாரும்மா சொன்னது?"

நான் தாளை நேராக நகர்த்தி வைத்தேன்.

"அவ நல்லா இருக்காளா?"

"முழங்கால் வலிங்கறா" என்றேன்.

"நிக்கற வேலையாச்சே" என்றார். அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை. கோபமும் இல்லை.

இனி எழுதப்போவது உனக்கு மட்டும். அவர் சொன்ன முதல் பகுதியை நான் எழுதவில்லை. அந்த இடத்தில், 'நான் பத்து என்றுதான் சொன்னேன். என் கண் தெரியாததால் என் இளைய மகள் வரைந்தாள். அவள் அதை வேண்டுமென்றே மூன்று என்று மாற்றினாள். என் ஞாபகத்தில் குறை எதுவும் இல்லை' என்று எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். தாளைப் பார்த்துக்கொண்டே, அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். விரலை வைத்தேன். கையெழுத்துப் போட்டார்.

எழுதும்போது எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது. நாளைக் காலையில் மேலாளர் படிப்பார், உண்மை வெளியே வந்துவிடும், நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. படுத்துக்கூட விட்டேன். பிறகுதான் உறைத்தது. மேலாளர் அதை வாய்விட்டுப் படிப்பார். அப்பா எதிரே நின்றுகொண்டிருப்பார். தான் கையெழுத்துப் போட்ட தாளில் தான் சொல்லாதது இருக்கிறது என்று அந்த ஆளின் வாயால் கேட்பார். மறுபடியும் அதையே செய்திருக்கிறேன். அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று எழுதி, அதன் கீழே அவர் பெயர்.

அதனால் எழுந்துவிட்டேன். அவர் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வந்து எதிரே வைத்திருக்கிறேன். இதை முடித்ததும் அவர் அறைக்குப் போய் எழுப்பப்போகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று உனக்கு எழுதிப் பார்த்தால் தைரியம் வரும் என்றுதான் உட்கார்ந்தேன். முதலில் பத்து என்று சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அப்பா, நீங்கள் பத்து என்றுதான் சொன்னீர்கள், எனக்கு நன்றாக

கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பாதான். "தூங்கிட்டியாம்மா? அந்த லெட்டரை இன்னொரு தடவை படிச்சுக் காட்டறியா?" என்கிறார்.

அக்கா, அவர் கையெழுத்துப் போட்ட தாள் என் கையில்தான் இருக்கிறது. நான் போய், முதலில் பத்து என்று